அடைமழைக் காலத்துக்கு டீஹியூமிடிஃபையர்

ஐப்பசி, கார்த்திகையில் மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் பீரோவுக்குள் இருக்கும் பட்டுப்புடவைகூடப் பூஞ்சை பிடிக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன் தொட்டியில் தண்ணீராகச் சேர்க்கும் மெஷின்தான் டீஹியூமிடிஃபையர். அதை வாங்குமுன் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். 60 சதவீதத்தைத் தாண்டினால் மெஷினைப் போடுங்கள். 50-க்குக் கீழே இறக்கினால் கரண்ட்தான் வீண். கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டுங்கள். முற்றத்துக் கதவைத் திறந்துவைத்தால் ஊர்க் காற்றையெல்லாம் உலர்த்த வேண்டியதுதான்! அறை கொஞ்சம் சூடாகும், அதனால் ஆள் இல்லாத நேரம் நல்லது. உள்ளங்கை அளவு மெஷின் பீரோவுக்குச் சரி, அறைக்கு உதவாது. தொட்டியில் சேரும் தண்ணீரில் தரை துடைக்கலாம்; குடிக்கக் கூடாது. அப்புறம், சுவரின் அடிப்பகுதி மட்டும் ஊறிப் பூச்சு உதிர்ந்தால் அது பெரும்பாலும் மண்ணிலிருந்து ஏறும் ஈரம். அதற்குக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.