பாட்டை ஓட்டிவிடாமல் ‘ஹரிதாஸ்’ பார்ப்பது எப்படி

பழைய படம் போட்டால் பாட்டு வந்ததும் ரிமோட்டைத் தேடுகிறவரா நீங்கள்? 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ போடும்போது அதை எடுத்து வேறு அறையில் வைத்துவிடுங்கள். பாட்டை ஓட்டிவிட்டால் இந்தப் படத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அப்பா அம்மாவை விரட்டிய மகன், தாசி மோகத்தில் சொத்தை இழந்து, காலையும் இழந்து, புத்தி தெளிந்து பெற்றோரே தெய்வம் என்று திரும்புகிறான். பண்டரிபுரத்துப் புண்டலீகன் கதையேதான். அதை எந்த உபன்யாசத்திலும் கேட்கலாம். கதாநாயகனாக வரும் பாடகர் தியாகராஜ பாகவதர் பாட வேண்டும், அதற்கொரு கதை வேண்டும். படம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

முதலில் பிரதி. இணையத்தில் பல சுற்றுகின்றன, சில வெட்டுப்பட்டவை. ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உலகப் போர், படச்சுருளுக்குப் பஞ்சம். 11,000 அடிக்கு மேல் படம் எடுக்கக் கூடாது என்று அரசாங்கம் வரம்பு வைத்திருந்தது. நிமிடத்துக்கு 90 அடி ஓடும் என்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நீங்கள் கண்டெடுத்தது ஒன்றரை மணி நேரம் என்று காட்டினால் அடுத்ததைத் தேடுங்கள். அந்த வரம்பால் நமக்கு லாபம்தான் என்பேன். நாற்பது, ஐம்பது பாட்டு திணித்த காலம் போய், பொறுக்கியெடுத்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்து ஒலி. டிவியில் பாஸ், சரவுண்ட் என்று என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் அணையுங்கள். பழைய மோனோ ஒலி அது, பாஸைக் கூட்டினால் உறுமல்தான் கூடும். இரைச்சலாக இருக்கிறதே என்று ட்ரெபிளை ஒரேயடியாகக் குறைக்கவும் வேண்டாம், இரைச்சலோடு பாகவதர் வேகமாக உருட்டிப் பாடும் பிருகாவும் போய்விடும். என் வீட்டில் பெரிய டிவியின் ஸ்பீக்கரைவிட, பேரன் வைத்திருக்கும் ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில்தான் குரல் தெளிவாக வருகிறது.

முதல் நாளே ‘வாழ்விலோர் திருநாள்’, ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’, ‘கிருஷ்ணா முகுந்தா முராரே’ மூன்றையும் இரண்டு முறை கேட்டுவிடுங்கள். சமைத்துக்கொண்டே கேட்டாலும் சரி. அந்தக் காலத்து ரசிகர்கள் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கிப் பாட்டைத் தெரிந்துகொண்டுதான் மறுபடி படத்துக்குப் போனார்கள். தெரிந்த பாட்டு வரும்போதுதான் உட்கார்ந்து கேட்கத் தோன்றும். வரிகள் பாபநாசம் சிவனுடையவை. இசையில் அவரோடு ஜி. ராமநாதனும் உண்டு.

இப்போது ‘மன்மத லீலை’. இங்கே நிதானமாக இருங்கள். ராகம் சாருகேசி. ஸ்வரங்களின் கீழ்ப்பாதி சங்கராபரண ராகம் மாதிரி கம்பீரமாகப் போகும். பஞ்சமத்தை, அதாவது ‘ப’வை, தாண்டியதும் ஒரு ஏக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். மயங்கிக் கிடப்பவன் பாட இதைவிடப் பொருத்தமான ராகம் எது? முதல் தடவை குரலை மட்டும் கேளுங்கள். பிறகு திருப்பிப் போட்டு, தாசியாக வரும் டி.ஆர். ராஜகுமாரியை மட்டும் பாருங்கள். பாகவதர் புன்னகையோடு நின்று பாடுவார், நடிப்பு என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். காட்சியைத் தூக்கிச் சுமப்பது ராஜகுமாரிதான். அந்தக் கண், அந்தப் பறக்கும் முத்தம்! என் அத்தை தொண்ணூறு வயதிலும் அதைச் சொல்லி வெட்கப்படுவாள்.

மனைவி லட்சுமியாக வருபவர் என்.சி. வசந்தகோகிலம். கச்சேரி மேடையில் பெரிய பெயர், 1951-லேயே போய்விட்டார். அவர் குரலையும் விட்டுவிடாதீர்கள். காபி போட எழுந்திருக்க வேண்டுமானால் பிற்பாதியின் உபதேசக் காட்சிகளில் எழுந்திருங்கள், ஒன்றும் குறையாது. நகைச்சுவைக்கு வரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் வரும்போது மட்டும் வேண்டாம். வசனம் இளங்கோவன். தாசி என்றாலே குடி கெடுப்பவள் என்று காட்டுவது இன்றைக்கு உறுத்தும். கூட இளையவர்கள் இருந்தால் கேட்கத்தான் செய்வார்கள், மழுப்பாமல் பேசுங்கள்.

பார்க்கும் முன் இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் சுந்தர்ராவ் நட்கர்னி இயக்கிய இந்தப் படம் 1944 தீபாவளிக்கு வந்தது. அடுத்த மாதமே சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்திக்குத்துப் பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1947-ல்தான் விடுதலை. அதாவது படம் சென்னை பிராட்வே தியேட்டரில் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தபோது கதாநாயகனும் நகைச்சுவை நடிகரும் சிறையில். மூன்று தீபாவளி கண்ட படம் என்பதைச் சிலர் மூன்று வருடம் என்று நீட்டுவார்கள். 44, 45, 46 தீபாவளிகள். கணக்குப் போட்டால் இரண்டு வருடத்துக்குச் சற்று மேல். அதுவே நூறு வாரத்துக்கு மேல் ஆகிறது, போதாதா?

அனுதாபத்தில் ஓடியது என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். அனுதாபத்துக்காக ஒரு தடவை பார்க்கலாம், பத்துத் தடவை யார் பார்ப்பார்கள்? கிராமபோன் எல்லார் வீட்டிலும் இல்லை. புதுப் படங்களும் குறைவு. அந்தப் பாட்டுகளை மறுபடி கேட்க, பலருக்கு வழி டிக்கெட் வாங்குவதுதான். சிறையிலிருந்து வெளியே வந்தபின் பாகவதர் நடித்த ‘ராஜமுக்தி’ எடுபடவில்லை. அனுதாபம் மட்டுமே காரணம் என்றால் அதுவல்லவா ஓடியிருக்க வேண்டும்?

இது பிடித்துவிட்டால் அடுத்து ‘அசோக்குமார்’ (1941) போடுங்கள். அதில் எம்.ஜி.ஆர். இளைஞராக வருகிறார், சின்னப் பசங்களை உட்கார வைக்க அது போதும்.