தொங்கிப்போன விரல் நுனி நிமிர்ந்த விதம்

கேட்ச் பிடிக்கும்போது பந்து மோதிர விரலின் நுனியில் நேராகப் பட்டது. வீக்கம் கொஞ்சம்தான், வலியும் மறுநாளே குறைந்தது. ஆனால் நகத்தை ஒட்டிய கடைசி மூட்டு மடங்கியே நின்றது. மறு கையால் தூக்கினால் நேராகும், விட்டால் தொங்கும்.

சுளுக்கு என்று எண்ணி ஐஸ் வைத்தேன். எண்ணெய் போட்டு நீவினேன். பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றினேன். அது கடைசி மூட்டைப் பிடிக்கவே பிடிக்காது. 5 நாள் வீண்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருந்தது. இதற்கு மாலட் ஃபிங்கர் என்று பெயர். எலும்புத் துண்டு பெரிதாகப் பெயர்ந்திருந்தாலோ மூட்டு விலகியிருந்தாலோ அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் எக்ஸ்ரேயைத் தவிர்க்கக் கூடாது.

எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன பிளாஸ்டிக் சிம்பு (ஸ்பிளின்ட்). கடைசி மூட்டை மட்டும் நேராகப் பிடிக்கும், நடு மூட்டு தாராளமாக மடங்கும். 8 வாரம், தூக்கத்திலும் கழற்றக் கூடாது.

பலர் கோட்டைவிடுவது கழுவும் நேரத்தில்தான். சிம்பைக் கழற்றும்போது நுனி ஒருமுறை தொங்கினாலும் ஒட்டிவரும் நாண் மறுபடி இழுபட்டு, நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அதனால் விரலை மேஜைமேல் தட்டையாக அழுத்தி வைத்தே கழற்றி, துடைத்து, ஈரம் உலர்ந்தபின் மாட்டினேன். உள்ளே ஈரம் நின்றால் தோல் வெளுத்து ஊறிப்போகும். அதிகமாகப் பின்னால் வளைத்துக் கட்டினாலும் மூட்டின் மேல்தோல் ரத்தம் ஓடாமல் வெளுக்கும், புண்ணாகும்.

8 வாரம் முடிந்து, இரவில் மட்டும் இன்னும் 4 வாரம் போட்டேன். நுனி இப்போது தானாக நிமிர்கிறது. நிம்மதி.