லெசோதோ மலை மிஷனுக்கு மதியம் கிளம்பாதீர்கள்

போன வாரம் லெசோதோவின் தலைநகரான மாசேருவில், புதிதாக வந்த இருவர் மலை மிஷனுக்குப் போக வண்டியில் மருந்துப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்றரை. "நூற்றைம்பது கிலோமீட்டர்தானே அண்ணா, சாயங்காலத்துக்குள் போய்விடலாம்" என்றார்கள். முதல் வருடம் நான் சொன்ன அதே பேச்சு. சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் விடியுமுன் கிளம்பச் சொன்னேன்.

பாஸ்போர்ட், டார்ச், மாத்திரை எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிலோமீட்டரைப் பார்த்து நேரம் போடுவது

மாசேருவிலிருந்து தாபா ட்செகா என்ற மலை ஊருக்குப் போகும் வழியில் தார்ச்சாலைதான். ஆனால் வரிசையாக மலைக் கணவாய்கள் ஏறி இறங்க வேண்டும். அதில் ஒன்றின் பெயர் மொலிமோ ந்துசே, "கடவுளே, எனக்கு உதவு" என்று அர்த்தம். உயரம் 2,318 மீட்டர். அதைத் தாண்டினால் நீலமலைக் கணவாய், 2,600 மீட்டருக்கும் மேலே. தாரை விட்டு இறங்கினால் மண்பாதை, பிறகு ஆறு, அக்கரையில் குதிரை. நவம்பர் முதல் மார்ச் வரை காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். மதியத்துக்கு மேல் இடியும் ஆலங்கட்டியும் வந்துவிடும்.

என் முதல் வருடம் ஜனவரியில் கண் முகாமுக்கு நான் மதியம்தான் கிளம்பினேன். ஆற்றுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. காலையில் கணுக்கால் அளவு ஓடியிருக்கும் தண்ணீர், சேறு கரைந்து பழுப்பாகப் பாறைகளுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் கம்பளி போர்த்திய பெரியவர் ஒருவர், மூன்று குதிரைகளின் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். போர்வை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு மணியிலிருந்து நிற்கிறாராம். இறங்காதே என்று கைத்தடியை ஆட்டிக் காட்டினார். இரவு வண்டியிலேயே கிடந்தோம்.

மறுநாள் தண்ணீர் வடிந்து நாங்கள் மிஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வந்திருந்தவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போயிருந்தார்கள். அதில் ஒரு பாட்டி, இரண்டு கண்ணிலும் புரை. பேரன் கையைப் பிடித்து இரண்டு பள்ளத்தாக்கு தாண்டிக் கூட்டி வந்திருக்கிறான். அடுத்த முகாமுக்கு அவர் வரவில்லை. இன்றைக்கும் யாராவது "சாயங்காலத்துக்குள்" என்றால் எனக்குப் பொறுக்காது.

தார், மண், குதிரை மூன்றுக்கும் தனித்தனியே மணிக்கணக்குப் போடுங்கள். உச்சிப்பொழுதுக்கு முன் ஆற்றைக் கடந்திருக்க வேண்டும். முடியாது என்று தெரிந்தால் அன்று கிளம்பாதீர்கள்; காத்திருப்பவர்களுக்கு முந்தைய நாளே சொல்லி அனுப்புங்கள்.

சூட்கேஸ்

வேண்டாம். குதிரையின் இரு பக்கமும் தொங்கும் துணிப்பைதான் நிற்கும்.

சானி கணவாய் வழி

தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்த வழியாக வந்தால், எல்லைக் கதவை மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள்.

பணம்

லெசோதோவின் பணம் லோட்டி. தென்னாப்பிரிக்க ராண்டும் இங்கே செல்லும், ஒரு லோட்டிக்கு ஒரு ராண்ட். லோட்டி தென்னாப்பிரிக்காவில் செல்லாது. திரும்புமுன் மாற்றிவிடுங்கள்.

தலைவரைப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவது

1833ல் வந்த முதல் பிரெஞ்சு மிஷனரிகளே மோஷ்வேஷ்வே மன்னரின் அனுமதியோடுதான் மொரிஜாவில் குடியேறினார்கள். இன்றும் ஊர்த்தலைவரான மொரேனாவைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

வழியில் எதிர்ப்படும் யாருக்கும் முதலில் வணக்கம். ஆணுக்கு "துமேலா ந்தாதே", பெண்ணுக்கு "துமேலா ம்மே". அன்று ஆற்றைக் கடந்ததும் நான் அந்தப் பெரியவரிடம் கேட்ட முதல் கேள்வி, எனக்கு எந்தக் குதிரை என்பதுதான். அவர் பதில் சொல்லவில்லை. சற்று நின்று, "துமேலா ந்தாதே" என்றார். நானும் திருப்பிச் சொன்ன பிறகுதான் கயிற்றைக் கையில் கொடுத்தார்.