கடலோர ஊர்ல ஆம்ப் கட்டுறவங்களுக்கு

முட்டம், குளச்சல் பக்கம் திருவிழாவுக்கு நாலு சேனல் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப்ளிஃபையர்) கட்டுறீங்களா? ஆன் பண்ணும்போது மிக்சர் முதல்ல, ஆம்ப் கடைசியா. அணைக்கும்போது ஆம்ப்தான் முதல்ல. மாத்திச் செஞ்சா 'டம்'னு ஒரு அடி, ட்வீட்டர் (கீச்சு சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) போயிடலாம்.

8 ஓம் (மின்தடை அளவு, இது குறைஞ்சா ஆம்புக்குச் சுமை கூடும்) ஸ்பீக்கர் பாக்ஸ் ரெண்டைப் பேரலல்ல கொடுத்தா 4 ஓம். அதையே பிரிட்ஜ்ல, அதாவது ரெண்டு சேனலை ஒண்ணாச் சேர்த்துப் போட்டா ஒவ்வொரு சேனல் தலையிலயும் 2 ஓம் சுமை விழும். ஆம்ப் பின்பக்கம் பிரிட்ஜுக்குக் குறைஞ்சது 8 ஓம்னு போட்டிருந்தா ஒரே பாக்ஸ்தான், ஆசைப்படாதீங்க.

அப்புறம் உப்புக்காத்து. பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் ஸ்பாஞ்சைக் கழற்றிப் பாருங்க. தூசியும் உப்பும் பிசுபிசுன்னு அப்பியிருக்கும். நல்ல தண்ணியில அலசி, முழுசா காஞ்ச பிறகே மாட்டுங்க. எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்ல வர்ற மூணு பின் கனெக்டர்) பின்ல பச்சை பூத்திருந்தா காண்டாக்ட் கிளீனர் அடிச்சுத் துடைங்க.