ஃபிரேசல் வெர்ப் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் ஒரு வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’ போன்ற சிறு சொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் தொடரே ஃபிரேசல் வெர்ப். இவற்றைக் கற்கத் தொடங்குபவர்கள், அவற்றிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே பொருள் கண்டு, அப்பொருள்களைக் கூட்டி விடை காண முயல்கிறார்கள். ‘கிவ்’ என்றால் கொடு, ‘அப்’ என்றால் மேலே. ஆனால் ‘கிவ் அப்’ என்பதற்குப் பழக்கத்தையோ முயற்சியையோ விட்டுவிடுதல் என்று பொருள். ‘கைவிட்டான்’ என்று கேட்கும்போது நாம் கையைத் தேடுவதில்லை அல்லவா? அதைப் போலவே இதையும் ஒரே சொல்லாகக் கொள்ள வேண்டும்.

‘புட்’ என்ற வினையில் தொடங்கும் அனைத்தையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்வதும் பயன் தராது. அணிதலைக் குறிக்கும் ‘புட் ஆன்’, தீயை அணைத்தலைக் குறிக்கும் ‘புட் அவுட்’, தள்ளிவைத்தலைக் குறிக்கும் ‘புட் ஆஃப்’ ஆகிய மூன்றும் ஒரு வாரத்திற்குள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதைவிட, ‘புட் ஆஃப்’ என்பதை ‘கால் ஆஃப்’ என்பதோடு சேர்த்துப் படிப்பது நல்லது. முன்னதில் கூட்டம் வேறொரு நாளில் நடக்கும். பின்னதில் நடக்கவே நடக்காது.

மிகுதியாகப் பிழை நேர்வது சொல் வரிசையில்தான். விளக்கை அணைக்கச் சொல்லும்போது ‘டர்ன் ஆஃப் த லைட்’, ‘டர்ன் த லைட் ஆஃப்’ ஆகிய இரண்டும் சரி. ஆனால் விளக்கின் பெயருக்குப் பதிலாக ‘இட்’ வந்தால், அது நடுவில் மட்டுமே நிற்கும். ‘டர்ன் இட் ஆஃப்’ என்பது சரி, ‘டர்ன் ஆஃப் இட்’ என்பது பிழை. இந்த விதியைக் கற்ற உற்சாகத்தில் எல்லாவற்றையும் பிரித்துவிடவும் கூடாது. அவளைக் கவனித்துக்கொள் என்று பொருள்படும் ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்பதை ‘லுக் ஹெர் ஆஃப்டர்’ என்று மாற்ற இயலாது. எது பிரியும், எது பிரியாது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் கற்போருக்கான நல்ல அகராதிகள், ‘சம்திங்’ என்ற சொல்லை எங்கே வைத்துக் காட்டுகின்றன என்று கவனித்தாலே போதும்.

சிறு சொற்களைக் கூட்டுவதும் குறைப்பதும் எளிதில் கண்ணில் படாத தவறுகள். சமாளிப்பதைக் குறிக்க ‘கோப் அப் வித்’ என்று பலர் எழுதுகிறார்கள். ‘கோப் வித்’ என்பதே சரி. ஈடுகொடுத்தலைக் குறிக்கும் ‘கீப் அப் வித்’ என்பதன் சாயல் இங்கே புகுந்திருக்கலாம். பால் தீர்ந்தால் ‘த மில்க் ரேன் அவுட்’. அதையே நம்மை எழுவாயாக்கிச் சொன்னால் ‘வீ ரேன் அவுட் ஆஃப் மில்க்’. ஆவலோடு எதிர்பார்த்தலைக் குறிக்கும் ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதற்குப் பின் ‘மீட்’ வராது, ‘மீட்டிங்’தான் வரும்.

ஒரு ஃபிரேசல் வெர்ப்பிற்கு ஒரு பொருளே உண்டு என எண்ணுவதும் தவறு. ‘டேக் ஆஃப்’ என்பது விமானம் மேலெழுவதையும், காலணியைக் கழற்றுவதையும், ஒரு தொழில் திடீரென வளர்வதையும் குறிக்கும்.

ஃபிரேசல் வெர்ப்கள் யாவும் பேச்சு வழக்கிற்கு மட்டுமே உரியவை என்பார்கள், இதை ஏற்பதற்கில்லை. பொறுத்துக்கொள்ளுதலைக் குறிக்கும் ‘புட் அப் வித்’ என்பதற்குப் பதிலாக அலுவல் கடிதத்தில் ‘டாலரேட்’ பொருந்தலாம். ஆனால் ஒரு பணியைச் செய்தலைக் குறிக்கும் ‘கேரி அவுட்’ ஆய்வுக் கட்டுரைகளிலேயே இயல்பாக வருகிறது.