ஏலியன்னா பல்லும் நகமும் மட்டுந்தானுங்களா?

ஒருத்தர் கதைய நடத்த, மத்தவங்க அதுல ஆளா மாறி பகடை உருட்டி ஆடறதுதானுங்க ரோல்பிளேயிங் கேம். மொதத்தடவ நான் நடத்துனதுல அஞ்சு ஏலியன் வெச்சிருந்தனுங்க, அஞ்சுக்கும் நெறம்தான் வேற, மத்தபடி எல்லாமே பாஞ்சு வரும், கடிக்கும், சாகும். பாதி ஆட்டத்துல மச்சான் பகடைய கீழ வெச்சுட்டு "என்ன மாப்ள, ஒரே பன்னிக்கு அஞ்சு வேசம் கட்டி உட்ருக்கற"ன்னு சொல்லிப்போட்டான்.

அதுலருந்து உருவத்த கடைசியிலதான் யோசிக்கறது. மொதல்ல அது என்ன திங்குது, நம்மள எப்படி கண்டுபுடிக்குது, இது ரெண்டும் மாறுனா சண்டையே மாறிப்போகும்.

ஒலகம் அழிஞ்சு முப்பது வருசம் ஆன பல்லடம்னு வெச்சுக்கங்க. ஆனி ஆடியில பாலக்காட்டு கணவாய் வழியா மேகாத்து தள்ளுமில்லீங்களா, அங்க கண்ணே இல்லாம மோப்பத்துலயே வேட்டையாடற ஒன்ன உடுங்க. இருபது மொகப் பகடையில சாதாரணமா 15க்கு மேல உழுந்தாத்தான் நம்மள கண்டுக்கும், அதாவது 15ஐயும் சேத்து 30 சதவீதம், காத்து நம்மகிட்டருந்து அதும்பக்கம் போச்சுன்னா 8 உழுந்தாலே போதும், 65 சதவீதம் ஆயிருது. இனி ஒவ்வொருத்தனும் காத்து தெசை பாத்துத்தான் நடப்பான். பெரிய காத்தாலையப் பாத்து தெசை சொல்லுவாங்க பாருங்க, அங்கதான் வெனையே, அத காத்துப்பக்கம் திருப்பறது மோட்டாரு, கரண்டு இல்லாம எப்பவோ நின்னுபோச்சு. வாலு வெச்ச பழைய தண்ணியெறைக்கற காத்தாடிதான் தானா திரும்பும், இத நீங்களா சொல்லாதீங்க, ஒருத்தராவது கண்டுபுடிக்கட்டும்.

நொய்யல் மணல்ல, குழி பறிச்சு எறும்பு உழுகறதுக்கு காத்திருக்கற குழியானைப் பூச்சி மாதிரி ஒன்னு, தொரத்தவே தொரத்தாது, சரிஞ்சு உழுந்தா கயிறு இருந்தாத்தான் பொழப்பு. சோமனூர்ப்பக்கம் தறிச்சத்தம் போட்டு ஆள கூப்புடறது ஒன்னு, ஊரு இருக்குதுன்னு நம்பி போவாங்க.

எல்லாமே கொல்றதுக்குன்னு வெச்சறாதீங்க. சாயத்தண்ணி தேங்குன ஒரத்துப்பாளையம் அணையில உப்பையும் சாயத்தையும் திங்கற ஒரு பூதத்த வெச்சேன், வீடளவு இருக்கும், ஆரையும் கடிக்காது, அது போன எடத்துல தண்ணி தெளிஞ்சு நிக்கும், கீழ இருக்கற ஊரு அத நம்பித்தான் பொழைக்குது. போன வாரம் மச்சான் கோஷ்டி அதக் கொன்னுப்போட்டாங்க. இப்ப அந்த ஊர்க்காரங்க குடத்தோட வந்து வாசல்ல நிக்கறாங்க, அடுத்த ஆட்டம் அங்கருந்துதானுங்க.