மோட்டோகிராஸுக்குப் பழைய பைக்: டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா? பார்த்து வாங்கும் முறை

மோட்டோகிராஸ் என்பது மேடு பள்ளமான மண் பாதையில் நடக்கும் பைக் பந்தயம். அதற்கான பைக்குகளில் யமஹா ஒய்.இசட். 125 டூ-ஸ்ட்ரோக். ஒய்.இசட். 250 எஃப் ஃபோர்-ஸ்ட்ரோக். உலக மோட்டோகிராஸின் எம்.எக்ஸ்.2 பிரிவில் இந்த இரண்டு அளவுகளும் ஒன்றாக ஓடலாம். டூ-ஸ்ட்ரோக்கில் கிரேங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஒரு சுற்று சுற்றினாலே ஒரு வெடிப்பு. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அதை ஈடுகட்டத்தான் இரட்டிப்பு சிசி. நடைமுறையில் இந்தச் சலுகை ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கே சாதகம்.

1. விதிப் புத்தகம்
நீங்கள் ஓடப்போகும் போட்டியில் 125 டூ-ஸ்ட்ரோக்குக்குத் தனிப் பிரிவு உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் நேரான ஏற்றங்களில் 250 எஃப்-களின் மண்ணைத் தின்னத் தயாராக இருங்கள்.

2. ஓட்டிப் பாருங்கள்
125-இன் பலம் முழுக்க மேல் ஆர்.பி.எம்.மில். வளைவில் கியர் தவறினால் பைக் அமுங்கிவிடும். கிளட்சை லேசாக நழுவவிட்டு எழுப்ப வேண்டும். 250 எஃப் கீழிருந்தே இழுக்கும், ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினே பிரேக் பிடிக்கும். எடையோ ஏறக்குறைய 10 கிலோ கூட. ஓட்டக் கற்க 125 நல்ல வாத்தியார், ஆனால் கண்டிப்பானவர்.

3. மணிக்கணக்கு
குதிரைத்திறனைவிட இதுதான் பர்ஸைத் தீர்மானிக்கும். பந்தயத்தில் ஓடும் 125-க்கு சுமார் 20 மணி நேரத்தில் பிஸ்டன், ரிங் மாற்ற நேரிடும். பழகியவர் ஒரு மாலையில் முடித்துவிடலாம். 250 எஃப் பிஸ்டன் அதைவிட நீடிக்கும். ஆனால் ஐந்தாறு மணிக்கொரு முறை ஆயில், அவ்வப்போது டேப்பட் கிளியரன்ஸ் (வால்வை அழுத்தும் பாகத்துக்கான இடைவெளி) சரிபார்ப்பு, பிறகு டைமிங் செயின் என்று வேலை வரும். செயினோ வால்வோ போனால் ஹெட்டும் சேர்ந்து போகும். பைக்கில் மணிமானி (இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர்) இல்லையென்றால் விற்பவர் சொல்லும் கணக்கைப் பாதிதான் நம்பலாம்.

4. இன்ஜின் சோதனை
ஃபோர்-ஸ்ட்ரோக்கை நன்றாகச் சூடாக்கி அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் மட்டும் முரண்டு பிடித்தால் இன்டேக் வால்வை (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு) சந்தேகியுங்கள். வால்வும் சீட்டும் தேயத் தேய வால்வு மேலே ஏறும், கிளியரன்ஸ் குறையும், ஒரு கட்டத்தில் முழுதாக மூடாது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். இன்டேக் பக்கம் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு வில்லை) மாற்றியும் அளவு திரும்பத் திரும்பக் குறைந்தால் வால்வு முடிந்தது என்று பொருள்.

டூ-ஸ்ட்ரோக்கில் கவனிக்க வேண்டியவை கிரேங்க் சீல்கள். மேக்னெட் பக்க சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே வரும், கலவை மெலியும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாது), ஐடில் தானாக எகிறும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சிக்கிக்கொள்ளும் (சீஸ் ஆகும்). கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு, சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காது, கியர் ஆயில் குறையும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: பழுப்பு சரி, வெள்ளை மெலிவு, ஈரக் கறுப்பு கலவை கூடுதல்.

5. டூ-ஸ்ட்ரோக் எடுத்தால் பெட்ரோல் கலப்பு
40:1 என்றால் 5 லிட்டருக்கு 125 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில், 32:1 என்றால் சுமார் 156 மில்லி. மேனுவல் சொல்லும் விகிதமே கணக்கு. ஆயிலை அளவு குடுவையில் எடுத்து, கேனில் முதலில் ஊற்றி, பிறகு பெட்ரோல் சேர்த்துக் குலுக்குங்கள். பயந்து ஆயிலைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஜெட்டின் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைப் பாகம்) துளை மாறவில்லை. ஆயில் கூடினால் அதே துளையில் போகும் பெட்ரோல் குறையும், கலவை மெலிகிறது. விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் பார்க்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால் அன்றன்று தேவைக்கே கலக்குங்கள்.

குளிர்ந்த இன்ஜினை உடனே முறுக்காதீர்கள். பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்து பிடித்துக்கொள்ளும். ரேடியேட்டர் கைக்கு வெதுவெதுப்பாகும்வரை மெல்ல ஓடவிடுங்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுவதும் மூடியபடியும் இறங்காதீர்கள்; பெட்ரோல் வராவிட்டால் அதோடு வரும் ஆயிலும் வராது. கிளட்சைப் பிடித்து இடையிடையே ஒரு முறுக்கு கொடுங்கள்.